நம்மூர் எம்.எல்.ஏ.வும் ஒரு சிறுநீரகமும்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். நான் எம்.ஜி.ஆரை எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சினிமாவும் அரசியலும் எல்லோருக்கும் தெரியும். அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளில் அவர் உடம்புக்குள் நடந்த கதைதான் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படித்து, மில்லில் பம்பும் ஃபில்டரும் பார்க்கிறவன். எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குச் சிறுநீரகம் மாற்ற வேண்டி வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம்.

அருப்புக்கோட்டை அனுப்பிய முதலமைச்சர்

எம்.ஜி.ஆர். முதன்முதலில் முதலமைச்சரானபோது எந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. என்று இன்றைய மாணவர்களைக் கேட்டால் பாதிப் பேர் ஆண்டிபட்டி என்பார்கள். இல்லை தம்பி, அருப்புக்கோட்டை! 1977 ஜூன் தேர்தலில் இங்கே நின்று ஜெயித்துத்தான், அந்த மாதம் 30-ந் தேதி அவர் பதவியேற்றார். அப்போது நாம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தோம். நான் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனாலும் எங்கள் தெருப் பெரியவர்கள் அந்தத் தேர்தலை நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவார்கள். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து ஓடினார்களாம், மல்லிகை பறிக்கப் போன பெண்கள் கூடையோடு ரோட்டில் நின்றார்களாம்.

அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917 ஜனவரி 17-ல் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அம்மா சத்தியபாமா, அண்ணன் சக்கரபாணி, இவர் என்று குடும்பம் கும்பகோணத்துக்கு வந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் சதிலீலாவதியில் சின்ன வேஷம். கதாநாயகன் ஆவதற்கு 1947-ன் ராஜகுமாரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1967 ஜனவரி 12-ல் துப்பாக்கிக் குண்டு கழுத்தில் பாய்ந்தது. குரல் மாறியது, ஆனால் ஆள் பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே பரங்கிமலையில் எம்.எல்.ஏ. ஆனார். 1972 அக்டோபரில் தனிக் கட்சி, 1977-ல் ஆட்சி, 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம். சிறுவயதில் பட்டினி கிடந்த மனிதர் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டார் என்று எங்கள் பாட்டி தலைமுறை இன்றும் சொல்லும்.

1984: உடம்பு சொன்ன சேதி

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. உடம்பைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்த மனிதர்தான். ஆனாலும் சர்க்கரை சத்தமில்லாமல் வேலை செய்யும் வியாதி. நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. எங்கள் மில்லில் இப்படி ஒரு ஃபில்டர் கிடைத்தால் கோயில் கட்டிக் கும்பிடுவோம். அந்த வடிகட்டிகளைத்தான் சர்க்கரை ஒவ்வொன்றாகக் கெடுக்கிறது. முக்கால்வாசி போகும் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது.

1984 அக்டோபர் 5-ல் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. சில நாட்களில் பக்கவாதமும் வந்து பேச்சைப் பாதித்தது. அதே அக்டோபர் 31-ல் டெல்லியில் இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கலங்கி நின்ற அந்த நேரத்தில், நவம்பர் 5-ல், மருத்துவ வசதிகள் செய்யப்பட்ட தனி விமானத்தில் எம்.ஜி.ஆர். அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டார். நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையம்தான் அவர் போன இடம். அங்கே சிறுநீரகப் பிரிவின் தலைவராக இருந்தவர் டாக்டர் எலி ஃப்ரீட்மன். சர்க்கரையால் கெடும் சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ந்ததில் உலகப் பெயர் பெற்றவர்.

டிசம்பர் 19-ல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. ஐந்தே நாள் கழித்து, டிசம்பர் 24-ல், இங்கே தேர்தல். வேட்பாளர் கடல் கடந்து கட்டிலில் இருந்தார். ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். ஆண்டிபட்டி அவரை ஜெயிக்க வைத்தது. 1985 பிப்ரவரி 4-ல் திரும்பி வந்து, 10-ல் மூன்றாம் முறை பதவியேற்றார். அடுத்த மாதமே, மார்ச் 15-ல், ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து, அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் காமராஜர் மாவட்டத்துக்குள் வந்தன. அதுதான் இன்றைய விருதுநகர் மாவட்டம்.

ஆபரேஷன் முடிந்தது, ஆள் பிழைத்தார், சுபம் என்று நம் ஜனங்கள் நினைத்தார்கள். உண்மையில் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நான் யார், நீ யார்?

நம்ம திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி, நான் யார் என்ற கேள்வியை உலகத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். விளையாட்டாகச் சொல்லவில்லை, நம் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களும் ராத்திரி பகலாக இதே கேள்வியைக் கேட்டபடிதான் சுற்றுகின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லின் மேலும் எச்.எல்.ஏ. என்ற அடையாளச் சின்னம் உண்டு. சின்னம் நம்முடையதாக இருந்தால் விட்டுவிடும். வேறாக இருந்தால் கிருமி என்றே நினைத்துத் தாக்கும். உயிர் காக்க வந்த சிறுநீரகம் என்று அதற்குத் தெரியாது. இப்படித் தாக்குவதைத்தான் நிராகரிப்பு என்கிறார்கள், ஆஸ்பத்திரிப் பேச்சில் ரிஜெக்‌ஷன்.

இந்தச் சின்னங்களில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் ஒரு கட்டாக வருகின்றன. அதனால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சரிபாதி பொருந்தும். கூடப் பிறந்தவர்களில் முழுதும் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. சித்தப்பாவுக்கும் அண்ணன் மகளுக்கும் ஒரு கட்டு ஒன்றாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. ரத்த சொந்தம் என்று நாம் சொல்வதற்கு இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

இதை உலகம் புரிந்துகொள்ள நாளாயிற்று. இரண்டாம் உலகப் போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டிப் பார்த்த பீட்டர் மெடவர், பிறர் தோலை உடம்பு நோய் எதிர்ப்பு முறையில்தான் தள்ளுகிறது என்று காட்டினார். 1960-ல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. 1954 டிசம்பர் 23-ல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றைச் செய்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்கள் என்பதால் சண்டையே வரவில்லை. எம்.ஜி.ஆருக்கு ஆபரேஷன் நடந்தது அதற்குச் சரியாக முப்பது வருஷத்துக்கு நாலு நாள் முன்பு.

இரட்டையர் அல்லாதவர்க்கு மருந்து தேவைப்பட்டது. அறுபதுகளில் அசதயோப்ரினும் ஸ்டீராய்டும் வந்தன. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் வெற்றிகரமாக மாற்று சிகிச்சை நடந்தது அந்தக் காலத்தில்தான். பிறகு நார்வே நாட்டு மேட்டுநிலத்து மண்ணிலிருந்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் கிடைத்தது. 1978-ல் இங்கிலாந்தில் ராய் கால்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதற்கு அடுத்த வருஷம்தான் எம்.ஜி.ஆர். அங்கே போய் இறங்கினார். அதே 1984-ல் ஜப்பானிய மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பெரும்பாலோர் சாப்பிடுவது அதைத்தான். கரிசல் மண்ணை நம்பி வாழும் நமக்கு, மண்ணுக்குள் மருந்து இருந்தது என்பது ஆச்சரியமாகப் படாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நிராகரிப்பு மூன்று விதம். முதலாவது, ரத்தத்தில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் இருந்து, பொருத்திய சில நிமிடங்களிலோ மணிகளிலோ உறுப்பைக் கருக்கிவிடுவது. கொடுப்பவர் அணுக்களையும் பெறுபவர் ரத்த நீரையும் முன்கூட்டியே கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை வந்த பிறகு இது அபூர்வம். இரண்டாவது, நாட்களிலோ மாதங்களிலோ திடீரென்று கிளம்புவது. இதைச் சமாளிக்கலாம். மூன்றாவது, வருஷக் கணக்கில் மெதுவாக அரிப்பது. கரையான் மாதிரி. இதற்குத்தான் இன்றும் நல்ல மருந்து இல்லை.

இதில் மோசம் என்னவென்றால், பெரும்பாலும் வலியே இருக்காது. ஒரு காலத்தில் காய்ச்சல், பொருத்திய இடத்தில் வீக்கம், சிறுநீர் குறைதல் என்று அடையாளம் காட்டும். இன்றைய மருந்துகள் அந்த அடையாளங்களையும் அமுக்கிவிடுகின்றன. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கும். அதனால்தான் நன்றாக இருக்கிறவர்களையும் ரத்தம் கொடுக்க வரச் சொல்கிறார்கள்.

கிரியேட்டினின் ஏறினால் உடனே நிராகரிப்பு என்று முடிவுகட்டவும் முடியாது. நம் ஊர் சித்திரை வெயிலில் தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலே ஏறும். வயிற்றுப்போக்கில் ஏறும். மருந்தின் அளவு கூடினாலும் ஏறும். ஏனென்றால் சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் செய்யும், அளவு மிஞ்சினால் கெடுக்கவும் செய்யும். சிறுநீர்க் குழாய் அடைப்பா, கிருமித் தொற்றா என்றும் பார்க்க வேண்டும். மில்லில் பிரஷர் ஏறினால் உடனே பம்பைக் கழற்றாமல் வால்வு, கேஜ், லைன் என்று வரிசையாகப் பார்ப்போமே, அதே முறைதான். ஸ்கேன் எடுத்து, மருந்து அளவு பார்த்து, கடைசியில் ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூலளவு சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைக்கிறார்கள். அதன் பெயர் பயாப்சி. 1991-ல் கனடாவின் பான்ஃப் என்ற ஊரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோலை வைத்துத்தான் இன்றும் உலகம் முழுவதும் இதைப் படிக்கிறார்கள். எம்.ஜி.ஆர். காலத்து டாக்டர்களுக்கு அந்த அளவுகோல் கிடையாது. அனுபவத்தை வைத்துத்தான் அவர்கள் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

வெள்ளணு நேரடியாகத் தாக்கினால் முதல் மருந்து, மெத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. மூன்று நாள் வாக்கில் பெரிய அளவில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அதற்கு மசியாவிட்டால், அந்த அணுக்களையே அழிக்கும் ஏ.டி.ஜி. என்ற மருந்து. எதிர்ப்பொருள் தாக்கினால் வேறு வழி: ரத்த நீரைப் பிரித்து எதிர்ப்பொருளை வடித்து எடுத்து, இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் திருப்பிவிடலாம். தாமதித்தால் தழும்புதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டுக் கதை

என் அத்தை மகன் விசைத்தறி ஓட்டுகிறவர். முப்பது வயசு முடியுமுன் இரண்டு சிறுநீரகமும் போய், அத்தை தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று மாத்திரை. இரண்டு வருஷம் அலாரம் வைத்துச் சாப்பிட்டார். அப்புறம் அத்தானுக்கு உடம்பு தேறிவிட்டது. தறியில் நிற்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், இன்னும் எதற்கு மாத்திரை என்று ஒரு நினைப்பு. மாதச் செலவு வேறு பயமுறுத்தியது. யாரிடமும் சொல்லாமல் இரவு மாத்திரையை நிறுத்தினார். ஆறு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. வழக்கமான சோதனையில் கிரியேட்டினின் 1.2-ல் இருந்து 2.6-க்குப் போயிருந்தது. பயாப்சியில் நிராகரிப்பு என்று வந்தது.

அத்தை அழவில்லை. இன்னொன்று என்னிடம் இருந்தால் அதையும் தருவேன், ஆனால் எனக்கும் ஒன்றுதானே மிச்சம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் மருந்து ஏற்றி, கிரியேட்டினின் 1.6-ல் வந்து நின்றது. பழைய 1.2 திரும்பவே இல்லை. ஒரு பங்கு போனது போனதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் இரண்டு டிக் அடிப்பது அத்தையின் வேலை. இந்த மாத்திரை உயிர் உள்ளவரை சாப்பிட வேண்டியது. எத்தனை வருஷம் ஆனாலும் வெள்ளணு அந்த அந்நியச் சின்னத்தை மறப்பதில்லை.

கடைசி மூன்று வருஷம்

இதைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான், எம்.ஜி.ஆரின் கடைசிக் காலம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. ஸ்டீராய்டு, சர்க்கரையை ஏற்றும். எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். சர்க்கரையும் பக்கவாதமும் உள்ள, எழுபதை நெருங்கும் ஒரு மனிதருக்கு இந்த மூன்றையும் சமன் செய்வது கயிற்றில் நடப்பது போல. பேச்சு தெளிவாக வராத நிலையிலும் அவர் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தார். சிகிச்சைக்காக மறுபடியும் அமெரிக்கா போய்வந்தார். 1987 டிசம்பர் 24 அதிகாலை, ராமாவரம் தோட்டத்தில் மாரடைப்பால் உயிர் பிரிந்தது. லீலாவதியின் சிறுநீரகம் அவருக்குள் வந்து மூன்று வருஷமும் ஐந்து நாளும் ஆகியிருந்தன. 1988-ல் பாரத ரத்னா விருது வந்தது, வாங்க அவர் இல்லை.

ஆட்சி எப்படி இருந்தது என்பதில் அவரவர்க்கு அவரவர் கருத்து இருக்கும். அது இந்த மலருக்கான வேலை இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரக மாற்று என்ற சொல்லைத் தமிழ்நாட்டின் டீக்கடை பெஞ்சு வரைக்கும் கொண்டுவந்தது அவருடைய உடம்புதான். இன்னொருவர் உறுப்போடு ஒருவர் கோட்டைக்குப் போய்க் கையெழுத்துப் போடலாம் என்று நம் கிராமங்கள் கண்ணால் கண்டன.

கொடுத்தவர் கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை. லீலாவதி அம்மையார் ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஏறத்தாழ 37 ஆண்டுகள் வாழ்ந்து 2021-ல் காலமானார். சிறுநீரகம் கொடுத்தால் ஆயுசு போய்விடும் என்று பயப்படும் நம் சனங்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டாம். சரியாகச் சோதித்து, உடம்பு இடம் கொடுத்தால் மட்டுமே எடுக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

1984-ல் ஒரு முதலமைச்சருக்காகக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. இன்று நாம் மதுரைக்குப் பஸ் ஏறினால் போதும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே சிறுநீரக மாற்று நடக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. 2008-ல் ஹிதேந்திரன் என்ற பதினைந்து வயது மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர்களான அவன் பெற்றோர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. 2023-லிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

தம்பி தங்கைகளுக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, வீட்டில் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களை வருஷம் ஒரு தடவை சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடவிடாதீர்கள். இரண்டு, மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர் தெரிந்தவராக இருந்தால், மாத்திரை சாப்பிட்டாச்சா என்று கேளுங்கள். வேறு எந்த மருந்தையும், காசநோய் மாத்திரையாக இருந்தாலும் நாட்டு மருந்தாக இருந்தாலும், தன் சிறுநீரக டாக்டரைக் கேட்காமல் அவர் தொடக் கூடாது. சில மருந்துகள் அவர் மாத்திரையின் வேகத்தைப் பாதியாக்கும், சில பல மடங்காக்கும். மருந்தளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். மூன்று, உறுப்பு தானம் பற்றி வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அந்த நேரம் வந்தால் முடிவெடுக்க வேண்டியது வீட்டார்தான். அழுதுகொண்டிருக்கும்போது புதிதாக யோசிக்க முடியாது.

சங்கத்துக்கு ஒரு யோசனை. நம்மில் எத்தனையோ பேர் நல்ல நிலையில் இருக்கிறோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களில் வசதியில்லாதவருக்கு, மாதச் சோதனைக்கான செலவையும் மதுரைக்குப் போய்வரும் பஸ் செலவையும் நம் சங்கம் ஏற்கலாம். பெரிய தொகை இல்லை. அந்தக் காசு இல்லாததால் ஒரு மாதச் சோதனை தள்ளிப்போய், தாயோ தங்கையோ அறுத்துக் கொடுத்த சிறுநீரகம் வீணாகக் கூடாது. பொதுக்குழுவில் இதை எடுத்துப் பேசுவோம். என் பங்காக முதல் வருஷத்தில் இரண்டு பேருக்கான செலவை நான் ஏற்கிறேன். மற்ற நண்பர்களும் கை கொடுக்க வேண்டுகிறேன்.